உருட்டாதே என்றது அன்று, உருட்டிப் போ என்பது இன்று

முகூர்த்த மாதங்களில் ஆரணிக்குள் நுழையும் கார்களில் வெளியூர்க் கார்கள்தான் அதிகம். வேலூர், திருவண்ணாமலை, சென்னை, சித்தூர், பெங்களூரு என்று நாலா பக்கமிருந்தும் வருகிறார்கள். கல்யாணப் பட்டெடுக்கப் பெண்வீடும் மாப்பிள்ளைவீடும் ஒரே வண்டியில் வந்து இறங்குவதும் உண்டு. மாலையில் திரும்பும்போது டிக்கி நிறைய புடவைப் பெட்டிகள், வேட்டிக் கட்டுகள், வழியில் வாங்கிய பழக்கூடை. தறிக்காரர்களிடம் சேலை எடுத்துக் காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் கொண்டுபோகிற வியாபாரிகளின் வண்டியிலும் டிக்கி இப்படித்தான் நிறைந்திருக்கும். இந்தப் பட்டு மூட்டைகளுக்கெல்லாம் அடியில், விரிப்புக்கும் கீழே, ஒரு குழியில் ஸ்டெப்னி படுத்திருக்கிறது. அதில் காற்று இருக்கிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது.

அம்பாசிடர் காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டியிருக்காது. ஸ்டெப்னி அடிக்கடி வெளியே வந்து போகும் பொருளாக இருந்தது.

அன்றைய கார் டயருக்குள் டியூப் இருந்தது. நைலான் இழைகளைக் குறுக்கும் மறுக்குமாகப் போட்டுச் செய்த டயர், உள்ளே மெல்லிய ரப்பர் டியூப். ஆணி டயரைத் தாண்டி டியூபைத் தொட்ட மாத்திரத்தில் காற்று, ரிம்மில் வால்வுக்கு விட்ட ஓட்டை வழியே சரசரவென்று இறங்கிவிடும். ஆணிக்கும் பஞ்சமில்லை. ஆரணியைச் சுற்றிய சாலைகளில் மாட்டுவண்டிகளின் ஓட்டம் அதிகம். மாட்டின் குளம்பில் அடித்த லாடம் தேய்ந்து கழன்றால் அதன் குட்டை ஆணிகள் தார் ரோட்டில் சிதறும். தலை கனத்து, முனை கூராக இருக்கும் ஆணி அது. எப்படி விழுந்தாலும் ஏதோ ஒரு சக்கரத்துக்கு வேலை வைக்கும். கிராமத்துப் பாதைக்குத் திரும்பினால் வேலிகாத்தான் முள். களத்துக்குப் பதில் ரோட்டிலேயே கேழ்வரகையும் கொள்ளையும் பரப்பி, வண்டிகளை ஏற்றிப் போரடிக்கிற வழக்கம் வேறு. அந்தத் தாளுக்கடியில் என்ன கிடக்கிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது.

ஆகவே வாடகைக் கார் ஓட்டுகிறவருக்கு டயர் மாற்றத் தெரியாது என்ற பேச்சுக்கே இடமில்லை. டிக்கியில் ஜாக்கி, வீல் ஸ்பேனர், கைப்பம்பு, ஒரு டப்பா சொல்யூஷன், அறுத்து வைத்த பழைய டியூப் துண்டுகள், அழுக்குத்துணி எல்லாம் இருக்கும். கல்யாணத்துக்குப் போகிற வண்டி தேவிகாபுரம் ரோட்டிலோ கண்ணமங்கலம் ரோட்டிலோ ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றால், பெண்கள் புளியமரத்து நிழலில் போய் உட்கார்வார்கள். பிள்ளைகள் புளியங்காய் பொறுக்கும். ஆண்கள் வண்டியைச் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ஓட்டுநர் மடித்துக் கட்டிய வேட்டியோடு வேலையை முடித்துவிட்டு, கையை மண்ணில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு, "ஏறுங்க, போலாம்" என்பார். எதிரே வருகிற லாரி தானே வேகத்தைக் குறைத்து, "இன்னாபா, ஜாக்கி வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் போகும். அந்தச் சாலையில் யாரும் பறக்கவில்லை, பறக்கவும் முடியாது. ஒற்றைத் தார்ப்பட்டை, இரண்டு பக்கமும் மண், எதிரே பஸ் வந்தால் ஒருவர் இறங்கி வழிவிட வேண்டும். நின்றுபோன வண்டியைப் பார்த்து நிறுத்துவதற்கு எல்லோருக்கும் நேரம் கிடைத்தது.

அந்தக் காலத்து ஓட்டுநர்கள் தங்களிடம் தொழில் கற்க வந்த கிளீனர் பையனுக்கு முதல் பாடமாகச் சொன்னது ஒன்று உண்டு. டயர் இறங்கினால் ஓரடிகூட உருட்டாதே. "ஸ்டியரிங் இழுக்குதுன்னா அங்கியே நிறுத்துடா தம்பி. ரிம்மு ஏறிச்சின்னா டியூபு கிழிஞ்சிடும். அப்பறம் மொதலாளிக்கு யாரு பதில் சொல்றது?" அந்தப் பாடத்தில் தப்பே கிடையாது. காற்றில்லாத டயரை ரிம் ரோட்டோடு வைத்து நசுக்கும். டியூப் மடிந்து அறுபடும். வால்வு வேரோடு பிய்ந்து வரும். டயரின் பக்கச்சுவரில் இழைகள் முறியும். ஒரு சின்ன ஓட்டைக்கு ஒட்டுப் போட்டால் முடிகிற காரியம், நூறு கஜம் உருட்டியதால் டயரையும் டியூபையும் சேர்த்துத் தின்றுவிடும்.

அப்போது டயர் என்பது சொத்து. இரண்டாம் உலகப்போரில் 1942இல் மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பான் கைக்குப் போனதும் ரப்பருக்கே தட்டுப்பாடு வந்தது. போர் முடிந்த பிறகும் நம் ஊர்களில் டயர் அவ்வளவு எளிதில் கிடைக்கிற பண்டமாக இல்லை. தேய்ந்த டயரைத் தூக்கிப்போடாமல் மேலே புது ரப்பர் ஒட்டி ஓட்டுவது பெரிய தொழிலாக வளர்ந்தது இதனால்தான். சென்னை திருவொற்றியூரில் 1946இல் பொம்மை பலூன் செய்கிற சின்னக் கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1952இல் முதலில் இறங்கியது இந்த ரீட்ரெட் ரப்பரில்தான். டயர் தயாரிப்புக்கு அது வந்தது 1961இல். பின்னாளில் அரக்கோணத்தை ஒட்டி அந்நிறுவனம் ஆலை வைத்தபோது, அரக்கோணமும் ஆரணியும் ஒரே வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தன. 1989இல் மாவட்டம் பிரிந்த பிறகுதான் ஆரணி திருவண்ணாமலைப் பக்கம் போனது.

டயர் தேய்ந்து இனி ஒட்டவே முடியாது என்ற நிலைக்கு வந்தால் அதிலிருந்து செருப்பு அறுத்தார்கள். டியூப் கிழிந்து தீர்ந்தால் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆரணியைச் சுற்றிய நெல்வயல்களின் கிணறுகளில் ஒரு தலைமுறையே லாரி டியூபைக் கட்டிக்கொண்டுதான் நீச்சல் பழகியது.

பஞ்சர் கடைக்காரரின் கையைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்க்க வேண்டும். அந்தக் கைவேலை இப்போது கார் டயருக்கு அரிதாகிவிட்டது. முதலில் வால்வுக்குள் இருக்கும் பின்னைத் திருகி எடுத்து மிச்சக் காற்றை விடுவார். டயரின் விளிம்பு ரிம்மோடு இறுகிப் பிடித்திருக்கும். அதன்மேல் ஏறி நின்று குதித்தோ சம்மட்டியால் தட்டியோ அதைப் பிரிப்பார். இரண்டு லீவர்களைச் செருகி ஒன்றைக் காலால் மிதித்துக்கொண்டு மற்றதை ஒரு சுற்று சுற்றினால் டயரின் ஒரு விளிம்பு வெளியே வந்துவிடும். டியூபை உருவி, லேசாகக் காற்றடித்து, பாதியாக அறுத்த டிரம்மில் நிற்கும் அழுக்குத் தண்ணீரில் பகுதி பகுதியாக அமுக்குவார். குமிழி வரும் இடத்தில் ஒரு தீக்குச்சியைச் செருகி அடையாளம் வைப்பார். பிறகு அரத்தால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஒட்டுத் துண்டை வைத்து, திருகு பிரஸ்ஸில் இறுக்கி, மேலேயுள்ள குழியில் தீ மூட்டிச் சூட்டில் ஒட்டவைப்பார். ரப்பர் வேகும் அந்த நாற்றம் கடைக்கு விலாசம் போலவே இருந்தது.

இத்தனைக்கும் நடுவே நல்ல தொழிலாளி தவறவே விடாத ஒன்று உண்டு. டியூபைத் திரும்பப் போடுவதற்கு முன் டயரின் உட்பக்கம் முழுவதையும் துணி சுற்றிய கையால் தடவிப் பார்ப்பார். ஆணி அங்கேயே நின்றிருந்தால் புது ஒட்டு நாலு மைல்கூடத் தாங்காது. துணி சுற்றாமல் தடவிக் கையைக் கிழித்துக்கொண்டவர்கள் அந்தத் தொழிலில் ஏராளம்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜாக்கி சரிந்து கிளீனர் பையன்களின் கைவிரல்கள் நசுங்கியிருக்கின்றன. லாரிச் சக்கரத்துக்குக் காற்றடிக்கும்போது லாக் ரிங் சரியாக உட்காராமல் தெறித்து, எதிரே குனிந்திருந்தவரின் முகத்தையும் உயிரையும் பறித்திருக்கிறது. வண்டிக்கு அடியில் உடம்பை நீட்டிப் படுத்து ஜாக்கி வைப்பது சர்வசாதாரணம். ஆனால் ஆபத்து முழுக்கச் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. வேலை செய்கிறவர் கவனமாக இருந்தால் பெரும்பாலும் தப்பிவிடலாம். மரத்தடியில் உட்கார்ந்திருந்த குடும்பத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை.

பிறகு எல்லாம் வேகமாக மாறியது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. எஃகுக் கம்பி வலையோடு ரேடியல் டயர் வந்தது. டியூப் இல்லாத டயர் மெல்ல மெல்ல எல்லாக் கார்களுக்கும் வந்தது. இதில் டயரின் உட்பக்கத்தில் பூசிய ரப்பர்ப் படலமே காற்றைப் பிடித்து வைக்கிறது. டயரின் விளிம்பு ரிம்மில் அழுந்தி மூடிக்கொள்கிறது. ஆணி ஏறினாலும் ரப்பர் அதைக் கவ்விக்கொள்வதால் காற்று மணிக்கணக்கில், சில நேரம் நாட்கணக்கில் கசிகிறது. லாடம் அடித்த மாடுகளும் ரோட்டை விட்டுப் போய்விட்டன. இன்று கார் வைத்திருக்கும் பலர் ஆண்டுக்கணக்கில் ஒரு பஞ்சரைக்கூடப் பார்ப்பதில்லை. பஞ்சர் ஆனாலும் கடையில் சக்கரத்தைக் கழற்றாமலே ஆணியைப் பிடுங்கி, ஊசியால் ஒரு ரப்பர் ஸ்டிரிப்பைக் குத்தி ஏற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்துக் காட்டி, சில நிமிடங்களில் அனுப்பிவிடுகிறார்கள்.

இது முன்னேற்றம்தான், மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடிக்கடி நடந்தது அபூர்வமானதும் கைப்பழக்கம் போய்விட்டது. லைசென்ஸ் எடுத்து ஆண்டுகள் ஆகியும் ஜாக்கியைக் கையால் தொடாதவர்கள் இருக்கிறார்கள். அதே காலத்தில் சாலையும் மாறிவிட்டது. ஆரணியிலிருந்து ஆற்காடு, வாலாஜா பக்கம் போய் ஏறினால் சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை. அங்கே 80 கிலோமீட்டர் வேகம் மெதுவான வண்டியின் வேகம். மாநில நெடுஞ்சாலைகளும் அகலமாகி, பல இடங்களில் புளியமரங்கள் போய், எல்லா வண்டிகளும் வேகம் பிடித்துவிட்டன. பஞ்சர் இன்று குறைவு. நிற்கும் இடம்தான் ஆபத்தாகிவிட்டது.

2023 செப்டம்பர் 11, திங்கட்கிழமை அதிகாலையில் நாட்றம்பள்ளி அருகே நடந்ததை நம் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆம்பூருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கர்நாடகத்துக்குச் சுற்றுலா போய்த் திரும்பிக்கொண்டிருந்த வேன் அது. தேசிய நெடுஞ்சாலையில் டயர் பஞ்சராகி நின்றது. சக்கரத்தைச் சரிசெய்யும் நேரத்தில் பயணிகள் இறங்கி, வேனுக்கு முன்பக்கம் சாலையின் நடுத்தடுப்பையொட்டி உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வந்த லாரி வேனில் மோதியது. வேன் முன்னால் பாய்ந்தது. ஏழு பெண்கள் இறந்துபோனார்கள். வீடு வந்து சேரக் கொஞ்ச தூரமே மிச்சம் இருந்தது.

அவர்கள் செய்தது தப்பு என்று நான் எழுதவில்லை. நம் அம்மாக்களும் பாட்டிகளும் அதைத்தான் காலம் முழுக்கச் செய்தார்கள்: வண்டி நின்றால் இறங்கி, பக்கத்திலேயே உட்கார்ந்து, வேலை முடியும்வரை காத்திருந்தார்கள். புளியமரச் சாலையில் அது பத்திரமாக இருந்தது. இன்றைய நெடுஞ்சாலைக்கு அது பொருந்தாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. 2022இல் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. மோதிய விதங்களைப் பிரித்துச் சொல்லும் அந்த அறிக்கையில், நின்றுகொண்டிருந்த வண்டியில் மோதியது என்பதற்கே தனியாக ஒரு வரிசை இருக்கிறது.

அதனால்தான் பழைய முதல் பாடத்தை இன்று தலைகீழாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. டயர் இறங்கிவிட்டதா? உருட்டிக்கொண்டே போங்கள். மெதுவாக, அபாய விளக்குகள் நான்கையும் போட்டுக்கொண்டு, இடப்பக்கமாக ஒதுங்கி, பத்திரமான இடம் வரும்வரை போங்கள். டயர் கிழியட்டும். ரிம் வளைந்தாலும் வளையட்டும். சின்னக் காரின் டயர் ஒன்று 4,000, 5,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. தறியில் இழை அறுந்தால் நெசவாளர் அந்த இடத்திலேயே நிறுத்தி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் அடுத்த நாடாவை வீசுவார். காரோட்டிக்கு அந்த நியாயம் செல்லாது. அறுந்த இடத்தில் நிற்கக் கூடாது.

பத்திரமான இடம் எது? பெட்ரோல் பங்க், டீக்கடை வாசல், கல்யாண மண்டபத்தின் முன்பக்கம், சர்வீஸ் ரோடு, சுங்கச்சாவடியை அடுத்த அகன்ற பகுதி. வளைவு ஆகாது, பின்னால் வருகிறவருக்கு நீங்கள் கடைசி நொடியில்தான் தெரிவீர்கள். பாலத்தின்மேல் ஆகாது, ஒதுங்க இடம் கிடையாது. மேட்டிலும் சரிவிலும் ஜாக்கி நிற்காது. நடுத்தடுப்பு ஓரமாக, அதாவது வலப்பக்கம், ஒருபோதும் நிறுத்தக் கூடாது. வேகமான வண்டிகள் ஓடுகிற பக்கம் அது.

ஓடும்போதே டயர் வெடித்தால் வேறு கதை. அப்போது கால் தானாகவே பிரேக்குக்குப் போகும், போகவிடக் கூடாது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தால், வெடித்த சக்கரமே வண்டியின் வேகத்தை உறிஞ்சிக்கொள்ளும். வேகம் நன்றாகத் தணிந்த பிறகு இடப்பக்கம் கொண்டுபோகலாம். வெடிப்புக்குப் பெரும்பாலும் காரணம் வெயில் அல்ல, குறைந்த காற்று. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. அந்த மடக்கலிலேயே சூடேறி இழைகள் விட்டுப்போகின்றன. சித்திரை வெயிலும் வண்டி நிறைய ஆட்களும் மூட்டைகளும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். எத்தனை பவுண்டு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டிலேயே இருக்கிறது. ஆள் நிறைந்தால் எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கிறது. ஓடிச் சூடாகும் முன் காலையில் பார்த்தால்தான் அந்த அளவு சரி.

வண்டியை நிறுத்தியதும் முதல் வேலை ஆட்களை இறக்குவது. சாலையை ஒட்டாத இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, இரும்புத் தடுப்பு இருந்தால் அதைத் தாண்டி, மண் கரைக்கு அப்பால் போய் நிற்க வேண்டும். வண்டிக்கு முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது, பக்கத்திலும் கூடாது. கல்யாணப் பட்டு அழுக்காகிறதே என்று காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களையும் கைபிடித்து இறக்கிவிட வேண்டும். குழந்தையின் கையைப் பிடித்தவர் அதை விடக் கூடாது.

அடுத்தது சிவப்பு எச்சரிக்கை முக்கோணம். புதுக் காரோடு கொடுக்கிறார்கள். பலர் வீட்டில் உறை பிரிக்காமலே கிடக்கிறது. அதை வண்டிக்கு இரண்டடி பின்னால் வைத்து ஒரு பயனும் இல்லை. 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் கடக்கிறது. 50 மீட்டர் தள்ளி வைத்தால் அதை ஓட்டி வருகிறவருக்குக் கிடைப்பது இரண்டு விநாடிக்கும் குறைவு. நான்குவழிச் சாலையில் நூறு மீட்டருக்குக் குறையாமல் போய் வைக்க வேண்டும். போகும்போது சாலையில் நடக்காமல் கரை ஓரமாக, வருகிற வண்டிகளைப் பார்த்தபடி, முக்கோணத்தை முன்னால் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும்.

முக்கோணம் இல்லாத காலத்தில் நம் லாரிக்காரர்கள் மரக்கிளையை ஒடித்து வண்டிக்குப் பின்னால் போட்டார்கள். கற்களை வரிசையாக வைத்தார்கள். அடையாளமாக அது வேலை செய்தது. ஆனால் சக்கரத்தை மாட்டியதும் கல்லை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்புகிற பழக்கமும் கூடவே வந்தது. இரவில் அந்தக் கல்லில் ஏறி விழுகிறவர் பைக்கில் வருகிறவர். வெளிச்சமே இல்லாமல் போகும் கரும்பு டிராக்டர்களோடு போராடிக்கொண்டு வரும் மனிதருக்கு நாம் வைக்கும் இன்னொரு கண்ணி அது. சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல்லை எடுத்து ஓரம் போடாமல் ஒருவரும் வண்டி எடுக்கக் கூடாது. இதில் எனக்குச் சமாதானமே கிடையாது.

இடம் பத்திரமாக இருந்தால் மட்டும் ஜாக்கியை எடுங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, மாற்றப்போகிற சக்கரத்துக்கு எதிர்மூலையில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் அண்டை கொடுக்க வேண்டும். வண்டியைத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளை ஒவ்வொன்றாக இளக்கிவிட வேண்டும். தூக்கிய பிறகு இளக்கப் பார்த்தால் சக்கரம் சுற்றும், வண்டி ஆடும், ஜாக்கி சரியும். ஜாக்கி வைக்க வேண்டிய இடத்துக்குக் காரின் அடிவிளிம்பில் வெட்டு இருக்கும். வேறெங்கு வைத்தாலும் தகடு நசுங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய செம்மண் கரையில் ஜாக்கி கத்தி போல இறங்கும். அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டு டிக்கியில் கிடந்தால் அதன் அருமை அன்று தெரியும். கழற்றிய சக்கரத்தைக் காரின் அடிவிளிம்புக்குக் கீழே படுக்கவைத்துவிடுங்கள். ஜாக்கி ஏமாற்றினாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும். உடம்பில் எந்தப் பகுதியும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. நட்டுகளைச் சுற்றுவரிசையில் இறுக்காமல் ஒன்றுக்கு எதிர் ஒன்றாக இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓடியதும் நிறுத்தி மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும்.

இதில் யாரும் எதிர்பார்க்காத தடங்கல் ஒன்று இருக்கிறது. கடைகளில் இப்போது காற்றுத் துப்பாக்கியால் நட்டை முடுக்குகிறார்கள். அந்த முடுக்கை, காரோடு வருகிற குட்டை ஸ்பேனரால் வளர்ந்த ஆணே இளக்க முடியாமல் திணறுவதைப் பார்க்கலாம். வயதானவர்களும் பெண்களும் தனியாக மாட்டிக்கொண்டால் என்ன செய்வார்கள்? கடையில் கடைசி முடுக்கைக் கை ஸ்பேனரால் செய்யச் சொல்லிக் கேளுங்கள். நாலுகை ஸ்பேனர் ஒன்று வாங்கி டிக்கியில் போடுங்கள்.

இறங்கிய டயரில் உருட்டி வந்தவர்கள் பஞ்சர் கடையில் வெறும் ஸ்டிரிப் போட்டுத் திருப்தியாகிவிடக் கூடாது. ஆரணியில் கைதேர்ந்த கடைக்காரர்கள் டயரைக் கழற்றி உள்ளே விரலைவிட்டு, கறுப்புப் பொடியை எடுத்துக் காட்டுவார்கள். "பாருங்க சார், உள்ள அரைஞ்சிருக்கு. வெளிய பாத்தா நல்லாத்தான் கீது. இத்த மாட்டிக்கினு பைபாஸ் ஏறாதீங்க." அந்தப் பொடி பக்கச்சுவரின் உட்ரப்பர் தேய்ந்து உதிர்ந்தது. அந்த டயர் முடிந்தது. பக்கச்சுவரில் விழுந்த ஓட்டைக்கும் ஒட்டு கிடையாது. தரையில் படுகிற நடுப்பகுதியில் விழுந்த சின்ன ஓட்டைக்கு ஸ்டிரிப் முதலுதவி. நெடுந்தூரம் போகிறவர்கள் உள்ளிருந்து ஒட்டுகிற மஷ்ரூம் பேட்ச் போட்டுக்கொள்வது நல்லது.

ஸ்டெப்னிக்கும் வயது உண்டு. ஓடாமல் படுத்திருந்தாலும் ரப்பர் முதுமை அடைகிறது. டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3518 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. சில கார்களில் ஸ்டெப்னி மற்றச் சக்கரங்களைவிட ஒல்லியாக இருக்கும். அதில் 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதே என்று அதிலேயே எழுதியிருக்கும். அதை மாட்டிக்கொண்டு சென்னைவரை பறக்கிறவர்கள் அந்த எழுத்தைப் படிப்பதில்லை.

ஸ்டெப்னியே இல்லாத கார்களும் வந்துவிட்டன. டியூப் இல்லாத டயர், காற்றின் அளவைக் காட்டும் கருவி, பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020 ஜூலையில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. பல மின்கார்களில் டிக்கியைத் திறந்தால் ஒரு சின்னக் கம்ப்ரஸரும் ஒரு புட்டித் திரவமும்தான் இருக்கும். ஆணி ஓட்டைக்கு அந்தத் திரவம் போதும். கல்லில் அறுத்துக் கிழிந்த டயருக்கு அது உதவாது. புட்டிக்குக் காலாவதித் தேதியும் உண்டு. சேத்துப்பட்டுப் பக்கம் ராத்திரி பத்து மணிக்கு டயர் கிழிந்தால் என்ன செய்வது என்பதை அந்தக் காரை வாங்குகிற அன்றே விற்பனையாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். காப்பீட்டோடு வருகிற சாலை உதவி எண் போனில் பதிந்திருக்க வேண்டும்.

தானே மாற்றத் தெரியாதவர் உதவிக்கு ஆள் வரும்வரை காத்திருப்பதில் எந்தக் குறையும் இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் வலப்பக்கச் சக்கரம் இறங்கியிருந்தால், மாற்றத் தெரிந்தவரும் காத்திருப்பதே சரி. ஓடும் வண்டிகளுக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து நட்டு திருகுவதைவிட ஆபத்தான வேலை சாலையில் இல்லை.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கிளட்சும் கியரும் சொல்லிக்கொடுக்கும் அந்தச் சில வாரங்களில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும், குறிப்பாகப் பெண்கள், ஒரு நட்டை இளக்கி ஒரு சக்கரத்தைத் தங்கள் கையால் மாட்டிப் பார்க்கட்டும். எங்கே நிறுத்தக் கூடாது, இறங்கியவர்கள் எங்கே நிற்க வேண்டும் என்பதை மைதானத்தில் அல்லாமல் சாலைக்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள். வீட்டில் காரோட்டுகிற பிள்ளை இருந்தால் இதைப் பெற்றோரே செய்யலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் கூப்பிட வேண்டிய எண் 1033. யாருக்காவது அடிபட்டிருந்தால் 108.